எல்பிடி டவர் எல்லாம் உள்ளூர் டிவி நிலையமா? பிஜ் நிலையத்தை முன்வைத்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: “எங்கள் தாலுகா ஊரில் 1980களில் ஒரு தூர்தர்ஷன் டவர் போட்டார்கள். லோக்கல் டிவி ஸ்டேஷன் என்றுதான் எல்லாரும் சொன்னோம். ஆனால் எங்கள் ஊர் விஷயம் ஒன்றுகூட அதில் வந்ததில்லை. இந்தியாவில் எங்காவது ஒரு சின்ன வட்டாரத்துக்கென்றே டிவி நிலையம் இருந்ததா? இருந்தால் அது ஏன் பரவவில்லை?” இதில் இரண்டு சங்கதிகள் கலந்திருக்கின்றன. டிரான்ஸ்மிட்டரின் சக்தி எவ்வளவு என்பது ஒன்று. அதில் போகிற நிகழ்ச்சியை யார், யாருக்காகத் தயாரிக்கிறார்கள் என்பது இன்னொன்று. முதலாவது குறைவாக இருந்தால் இரண்டாவதும் தானாக உள்ளூர் ஆகிவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி ஆகவில்லை. ஆன ஓர் இடம் உண்டு. குஜராத்தில், கேடா மாவட்டத்தில், பிஜ் என்ற கிராமம்.

நான் ஒளிபரப்புப் பொறியியல் ஆள். வேலைக்காலத்தில் பெரும்பகுதி டிரான்ஸ்மிட்டர் அறைகளில்தான் போனது. ஆகவே கம்பி, கேபிள், கோபுரம் பற்றி உறுதியாகப் பேசுவேன். கிராமத்து மனிதர்களை டிவி எவ்வளவு மாற்றியது என்ற பகுதி வரும்போது கொஞ்சம் அடக்கி வாசிப்பேன், அது என் துறை அல்ல.

உங்கள் ஊர் டவர் என்னவாக இருந்திருக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்பிடி என்று நாங்கள் சொல்வோம், குறைந்த சக்தி டிரான்ஸ்மிட்டர். பெரும்பாலும் 100 வாட். ஒரு மேஜை விளக்கும் ஒரு சின்ன மின்விசிறியும் சேர்ந்து இழுக்கும் சக்திதான். ஒரு சிறிய கட்டடம், வெளியே வானத்தைப் பார்த்தபடி ஒரு டிஷ், பக்கத்தில் கோபுரம், பின்னால் ஜெனரேட்டர். உள்ளே போனால் அலமாரி மாதிரி நிற்கும் டிரான்ஸ்மிட்டர்கள், பல இடங்களில் இரண்டு. ஒன்று ஓடும், மற்றது காத்திருக்கும். பணியில் இருப்பவர் குறிப்பேட்டில் குறித்த நேரங்களில் எழுதிவைப்பது பார்வேர்டு பவர் (ஆன்டெனாவுக்குப் போகிற சக்தி) எவ்வளவு, ரிப்ளெக்டட் பவர் (அங்கிருந்து திரும்பி வருகிற சக்தி) எவ்வளவு என்பதைத்தான். மழைக்காலத்தில் ரிப்ளெக்டட் பவர் முள் மெல்ல ஏறினால் மேலே போகிற கேபிளின் மூட்டு எதிலோ தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். யாராவது கோபுரத்தில் ஏறவேண்டும். அந்தக் கட்டடத்தில் நீங்கள் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத இரண்டு பொருள்கள் கேமராவும் மைக்கும். “தடங்கலுக்கு வருந்துகிறோம்” அட்டைகூட வானத்திலிருந்துதான் வந்து இறங்கும். படம் போனதும் ஊர்க்காரர்கள் போன் போட்டு நம்மைத் திட்டுவார்கள் பாருங்கள், அது ஒன்றுதான் அந்த நிலையத்தில் உள்ளூர்.

சக்தியைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு, ஏனென்றால் இதைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். டிவி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமி வளைந்திருப்பதால் ஒரு தூரத்துக்குப் பிறகு தலைக்கு மேலே போய்விடும். அந்தத் தூரத்தைக் கிலோமீட்டரில் தோராயமாகக் கண்டுபிடிக்க, கோபுர உயரத்தின் வர்க்கமூலத்தையும் வீட்டு ஆன்டெனா உயரத்தின் வர்க்கமூலத்தையும் மீட்டரில் எடுத்துக் கூட்டி 4.12ஆல் பெருக்க வேண்டும். கோபுரம் 49 மீட்டர், வீட்டு ஆன்டெனா 9 மீட்டர் என்றால் 7ம் 3ம் பத்து, ஆக 41 கிலோமீட்டர். இதில் வாட் எங்குமே வரவில்லை, கவனியுங்கள். வாட் வருவது அந்த எல்லைக்குள் படம் புள்ளி விழாமல் எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதில்தான். சக்தியைப் பத்து மடங்கு கூட்டினால் அலையின் வலிமை மூன்று மடங்குக்குச் சற்று மேல்தான் கூடும். 100 வாட் நிலையத்துக்கு 15, 20 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த வீடுகளில் நாற்பதடி இரும்புக் குழாயும் பூஸ்டரும் ஏறியது இதனால்தான். இலங்கையின் ரூபவாகினி 1982இல் தொடங்கியபோது நம் தென்கடலோர ஊர்களில் அது கிடைத்ததற்கும் வாட் மட்டும் காரணம் இல்லை. மலையுச்சியில் ஆன்டெனா, நடுவில் தடையில்லாத கடல், கடலுக்கு மேல் சில நாட்களில் காற்றடுக்குகள் அலையை வளைத்து அனுப்பும் வேலை. எல்லாம் சேர்ந்ததுதான்.

சரி, இந்த 100 வாட் டவர்கள் ஏன் அப்படி வரிசையாக வந்தன? 1982இல் தேசிய நிகழ்ச்சி தொடங்கியது. அதே ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டி, வண்ண ஒளிபரப்பு. முதலில் ஏவிய இன்சாட் 1ஏ செயற்கைக்கோள் சில மாதங்களிலேயே கைவிட்டது. 1983 ஆகஸ்டில் போன இன்சாட் 1பி நிலைத்தது. டெல்லியிலிருந்து செயற்கைக்கோளுக்கு ஏற்றினால் நாட்டில் எந்த ஊரிலும் ஒரு டிஷ் வைத்து இறக்கி, 100 வாட்டில் திரும்ப விட்டுவிடலாம். மலிவு, வேகம். 1984இல் சில மாதங்கள் நாளுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் என்ற கணக்கில் திறந்தார்கள். அந்த ஆண்டு முடிவில் பொதுத்தேர்தல் வந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். பொறியியல் சாதனை என்ற வகையில் அது பெரிய காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வடிவமைப்பில் டிஷ்ஷுக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவே ஊர் நுழைவதற்கு இடமே வைக்கவில்லை. சென்னையிலிருந்து தமிழ் நிகழ்ச்சியைச் சுமந்துவரும் மைக்ரோவேவ் தொடர்பு இல்லாத ஊர்களில், டெல்லி என்ன அனுப்பியதோ அதுதான் திரையில். “வயலும் வாழ்வும்” சென்னை டவரைச் சுற்றியிருந்தவர்களுக்குக் கிடைத்தது. வயல் நிறைய இருந்த பல ஊர்களுக்கு இந்தி நாடகம்தான் கிடைத்தது.

இப்போது பிஜ். இந்தியாவில் டிவி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் தொடங்கியதே ஒரு சிறிய டிரான்ஸ்மிட்டரில்தான், சில சமுதாயப் பெட்டிகளின் முன்னால் கூட்டமாக உட்கார்ந்து பார்க்கும் ஏற்பாட்டோடு. அடுத்த ஊரான பம்பாய்க்கு வர 1972 ஆனது. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15. அதே 1975இல் பிஜ் என்ற கிராமத்திலும் ஒரு டிரான்ஸ்மிட்டர் ஒளிபரப்பத் தொடங்கியது. கோடம்பாக்கம் இருக்கிற சென்னைக்கும், நடியாத் பக்கத்தில் பால் ஊற்றிப் புகையிலை பயிரிட்டுக்கொண்டிருந்த ஒரு பகுதிக்கும் ஒரே ஆண்டில் டிவி வந்தது எப்படி?

அதற்குக் காரணம் இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிவைத்த விக்ரம் சாராபாய். செயற்கைக்கோளை முதலில் கிராமத்துக்குத்தான் பயன்படுத்த வேண்டும், நகரத்தில் தொடங்கி மெல்லக் கிராமத்துக்கு வரும் வழக்கமான வரிசையை மாற்ற வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1969இல் அமெரிக்காவின் நாசாவுடன் ஒப்பந்தம் ஆனது. 1971 டிசம்பரில் சாராபாய் இறந்துவிட்டார், ஆனால் வேலை நிற்கவில்லை. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை ஓராண்டு, ஏடிஎஸ் 6 என்ற நாசா செயற்கைக்கோளை ஆப்பிரிக்காவுக்கு மேலே நகர்த்தி நிறுத்தி, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நேரடியாக டிவி காட்டினார்கள். கோழி வலையால் ஆன பத்தடி ஆன்டெனாக்கள் அந்தக் கிராமங்களின் அடையாளம். இதுதான் சைட் சோதனை. யஷ் பால் தலைமையில் அகமதாபாத்தில் இருந்த விண்வெளிப் பயன்பாட்டு மையமும், சைட் திட்டத்தை நடத்திய ஈ.வி. சிட்னிஸ் குழுவும் இதன் பின்னால் இருந்தவர்கள்.

கேடாவுக்கு மட்டும் ஏற்பாடு வேறு. கிராமத்துக்குக் கிராமம் கோழி வலை வைக்காமல், அகமதாபாத் தரைநிலையத்தில் வாங்கி, மைக்ரோவேவில் பிஜ்ஜுக்கு அனுப்பி, அங்கே 1 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரில் விட்டார்கள். சாதாரணப் பெட்டி, சாதாரண ஆன்டெனா போதும். பிற்பாடு வந்த எல்பிடியோடு ஒப்பிட்டால் பத்து மடங்கு சக்தி, பெரிய நிலையங்களின் 10 கிலோவாட்டோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு. தட்டையான நிலம் என்பதால் அது மாவட்டத்தின் பெரும்பகுதியைத் தொட்டது. வித்தியாசம் எங்கே என்றால், அகமதாபாத்திலிருந்து வரும் அந்த மைக்ரோவேவ் தொடர்பில் செயற்கைக்கோள் நிகழ்ச்சி மட்டுமல்ல, அகமதாபாத்தில் இருந்த ஸ்டூடியோவின் நிகழ்ச்சியும் வர முடியும். செயற்கைக்கோள் 1976இல் போய்விட்ட பிறகும் பிஜ் நிற்காமல் ஓடியது இந்தக் கதவு திறந்திருந்ததால்தான். எல்பிடி வடிவமைப்பில் அடைத்துவிட்ட கதவும் இதுவே.

சுமார் 400 கிராமங்கள், அறுநூறுக்கும் மேற்பட்ட சமுதாயப் பெட்டிகள். பெட்டியை எங்கே வைப்பது என்பதில் கேடாவுக்கு ஒரு கொடுப்பினை இருந்தது. ஆனந்த் ஊரின் அமுல் அப்போது இந்த மாவட்டத்தில்தான் இருந்தது. கிராமத்துக்குக் கிராமம் பால் கூட்டுறவுச் சங்கம், அதற்கு ஒரு கட்டடம், கட்டடத்துக்கு ஒரு பொறுப்பாளர், தினமும் மாலையில் பால் ஊற்றக் கூடுகிற கூட்டம். பல கிராமங்களில் பெட்டி அங்கேயே அமர்ந்தது. மற்ற இடங்களில் பஞ்சாயத்து அலுவலகம், பள்ளிக்கூடம். பெட்டியின் கதவைத் திறக்க ஓர் ஆள், சாவி யாரிடம், பழுதானால் யாருக்குச் சொல்வது என்பதெல்லாம் ஏற்கெனவே வரவு செலவு எழுதிப் பழகிய ஓர் அமைப்பின் கையில் இருந்தது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் நாட்டில் பஞ்சாயத்து டிவிகள் பெரும்பாலும் செத்தது நிகழ்ச்சி மோசம் என்பதால் அல்ல. பெட்டி பழுதாகி, சரிசெய்ய ஆள் வராமல், பூட்டிய அறையில் தூசி படிந்து செத்தன. கேடாவில் பராமரிப்பு என்பது திட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

நிகழ்ச்சிகள் தினமும் மாலையில். பிஜ் ஒளிபரப்பியது எல்லாமே உள்ளூர்ச் சரக்கு அல்ல. தூர்தர்ஷனின் பொது நிகழ்ச்சிகளும் உண்டு, அவற்றோடு கேடாவுக்கென்று தயாரித்தவை ஒரு பங்கு. ஆனால் அந்தப் பங்கில் நடந்ததைப் பாருங்கள். “தாத் ஃபரியாத்” என்று ஒரு தொடர். ஒரு கிராமத்தில் கைப்பம்பு ஓடவில்லை, கூலி சரியாகத் தரவில்லை, அலுவலகத்தில் காகிதம் நகரவில்லை என்ற மாதிரி முறையீடுகளை, முறையிடுபவரின் வாயாலேயே பதிவு செய்வார்கள். அப்புறம் கேமராவைச் சம்பந்தப்பட்ட அதிகாரியிடம் கொண்டுபோவார்கள். இரண்டும் அடுத்தடுத்துத் திரையில். அதிகாரி தன் மேலதிகாரிக்குப் பதில் எழுதுவது வேறு, பால் சங்கத்து வாசலில் உட்கார்ந்திருக்கிற நூறு பேருக்கு முன்னால் பதில் சொல்வது வேறு. 1970களின் பின்பாதியில், அரசாங்கத்தின் டிவியில், அரசாங்கத்தின் பணத்தில் இது நடந்தது. இன்றைய செய்திச் சேனலில் மைக்கை மூஞ்சிக்கு நேராக நீட்டுகிறார்களே, அதையும் இதையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். இங்கே கத்தல் இல்லை, தொடர்ந்து போய்ப் பார்த்தல் இருந்தது.

“சதுர் மோட்டா” என்ற நாடகத் தொடர் வரதட்சிணை, விதவை மறுமணம் போன்றவற்றை எடுத்துக்கொண்டது. கணவன் மனைவி உறவைப் பற்றிய “ஹூன் னே மாரா ஏ” இன்னொன்று. மொழி, வானொலி குஜராத்தி இல்லை. சரோத்தர் என்று அந்தப் பகுதிக்குப் பெயர், அந்தச் சரோத்தரி வட்டார வழக்கிலேயே பாத்திரங்கள் பேசின. கொங்கு வட்டாரத்துக்கு மட்டும் ஒரு டிவி, அதில் எல்லாரும் “ஏனுங்க, சொல்லுங்க” என்று பேசினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சென்னை நிலையமோ டெல்லி நிலையமோ அதைச் செய்யவே முடியாது, பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் கோபப்படுவார்கள். பார்ப்பவர்கள் ஒரே மாவட்டம் என்பதால்தான் அது கைகூடியது. கதை எழுதும் முன் ஆய்வாளர்கள் கிராமங்களுக்குப் போய், எது பிரச்சினை, யார் அதைப் பற்றிப் பேசத் தயங்குகிறார்கள் என்று கேட்டு வருவார்கள். ஒளிபரப்பிய பிறகு மறுபடி போய், புரிந்ததா, பிடித்ததா என்று கேட்பார்கள். கிராமத்தார் சிலரே நடித்தார்கள், கதைக்கும் கைகொடுத்தார்கள். பிற்பாடு திரைப்பட இயக்குநராகப் பெயர் பெற்ற கேதன் மேத்தா இளம் வயதில் இந்த அகமதாபாத் குழுவில் தயாரிப்பாளராக இருந்தவர்தான். பிற்பாடு நாஸ்காம் என்ற மென்பொருள் நிறுவனங்களின் சங்கத்துக்குத் தலைவரான கிரண் கார்னிக்கும் அங்கே வேலை பார்த்து வளர்ந்தவர்.

பொறியாளன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கருவி. அந்தக் காலத்தில் ஒளிபரப்புத் தரம் என்றால் இரண்டு அங்குல நாடா, அறையை அடைக்கும் இயந்திரம். ஆளைத்தான் இயந்திரத்திடம் கூட்டி வரவேண்டும். கேடாக் குழு தோளில் மாட்டிக்கொள்ளும் அரை அங்குல நாடாப் பதிவியைக் கிராமத்துக்கு எடுத்துக்கொண்டு போனது. அதன் படம் சற்றே ஆடும், ஓரங்கள் நெளியும், அப்படியே டிரான்ஸ்மிட்டருக்குக் கொடுத்தால் வீட்டுப் பெட்டியில் படம் உருளும். அந்த நெளிவை நேராக்கும் மின்னணுக் கருவியைச் சேர்த்து ஒளிபரப்பத் தகுந்ததாக ஆக்கினார்கள். விதிப்புத்தகத்தை வைத்து அளந்தால் தரம் குறைவுதான். ஆனால் கூலிக்காரப் பெண் ஸ்டூடியோ விளக்குக்கு முன்னால் வந்து நின்றால் பேசியிருக்க மாட்டார், தன் வீட்டுத் திண்ணையில் பேசினார். எங்கள் தொழிலில் தரக் கட்டுப்பாடு என்ற பெயரில் திருப்பி அனுப்பிய நாடாக்களில் இப்படி எத்தனை குரல்கள் போயினவோ.

இதனால் கேடா மாறியதா? இங்கேதான் நான் வேகத்தைக் குறைக்கிறேன். நிலையம் இயங்கியது, நிகழ்ச்சிகள் வந்தன, மக்கள் பார்த்தார்கள், குறைகள் சில தீர்ந்தன, யுனெஸ்கோவின் ஊரகத் தகவல்தொடர்புப் பரிசு 1980களின் நடுவில் கேடாத் திட்டத்துக்குக் கிடைத்தது. இவ்வளவும் உறுதி. வரதட்சிணை குறைந்தது, விவசாயம் மாறியது என்றெல்லாம் சொல்வது வேறு விஷயம். சைட் சோதனையையே விரிவாக மதிப்பிட்டார்கள். அறிவு கூடியது தெரிந்தது, பழக்கம் மாறியது அந்த அளவுக்குத் தெரியவில்லை, முதல் வாரங்களின் பெருங்கூட்டமும் போகப்போகக் கணிசமாகக் குறைந்தது. கேடாவில் இன்னொரு சிக்கல், அந்த மாவட்டத்தில் பால் கூட்டுறவு ஏற்கெனவே பலவற்றை மாற்றிக்கொண்டிருந்தது. பாலால் வந்தது எது, டிவியால் வந்தது எது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பெட்டி எந்தத் தெருவில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் யார் வந்து உட்கார முடியும் என்பதும் இருந்தது. நம் ஊர்களில் சாவடியில் யார் உட்காரலாம் என்று ஓர் எழுதாத சட்டம் இருந்ததே, அதே கதைதான். பிஜ்ஜைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பரிசு வந்த அதே காலகட்டத்தில்தான் முடிவும் நெருங்கியது. 1985இல் பிஜ் டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி எங்கே கொண்டுபோகத் திட்டமிட்டார்கள் தெரியுமா? சென்னைக்கு, இரண்டாவது சேனல் தொடங்க. பெருநகரங்களில் விளம்பரம் வாங்கக்கூடிய பார்வையாளர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு இன்னொரு சேனல் வேண்டும் என்று கணக்குப் போட்ட நேரம் அது. கேடா மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஓர் அரசு டிவி டிரான்ஸ்மிட்டரை எடுக்காதே என்று கிராமத்தார் குரல் எழுப்பியது இந்திய ஒளிபரப்பு வரலாற்றில் அபூர்வம். நம்மூரில் டவர் வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறோம், எங்கள் நிகழ்ச்சி வேண்டும் என்று சண்டை போட்ட இடம் அது ஒன்றுதான் என் கண்ணில் பட்டது. எதிர்ப்பு காலத்தைத் தள்ளிவைக்க உதவியது, காப்பாற்றவில்லை. 1990 வாக்கில் கேடாவுக்கென்ற தனி நிலையமாகப் பிஜ் இல்லாமல் போயிற்று.

ஏன் பரவவில்லை என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு, பணம் என்பது எளிதாகக் கிடைக்கும் விடை. அதில் பாதிதான் சரி. டிரான்ஸ்மிட்டர் விலை தடையாக இருந்திருந்தால் 1984இல் அத்தனை டவர்கள் எழும்பியிருக்காது. செலவாவது ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் புதிதாகத் தயாரிப்பதில்: ஆட்கள், ஜீப், நாடா, ஆய்வாளர் சம்பளம். டிரான்ஸ்மிட்டர் ஒருமுறை வாங்கித் திறப்புவிழா நடத்தலாம். தயாரிப்புக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், ரிப்பன் வெட்ட ஒன்றும் இருக்காது. தூர்தர்ஷன் நிகழ்ச்சிகளை ஆராய 1982இல் பி.சி. ஜோஷி தலைமையில் அமைத்த குழு, கருவிகள் பெருகுகிற வேகத்துக்கு நிகழ்ச்சி வளரவில்லை என்பதைத்தான் சுற்றிச்சுற்றிச் சொன்னது. அதோடு, கேடாவில் தயாரிப்புச் சுமையைத் தாங்கியது விண்வெளித் துறை. அது அவர்களுக்கு ஆராய்ச்சி. ஆராய்ச்சியை ஒரு நாள் முடிப்பார்கள். முடித்த பிறகு அதைத் தன் அன்றாட வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டிய தூர்தர்ஷன் அப்போது விளம்பரதாரர் தொடர்கள் பக்கம் திரும்பியிருந்தது. என் கணிப்பில் மூன்றாவது ஒரு காரணமும் உண்டு. ஒரு “தாத் ஃபரியாத்” இருந்தால் ஒரு மாவட்ட நிர்வாகத்துக்குத் தலைவலி. முந்நூறு இருந்தால்? இதற்கு எழுத்தில் ஆதாரம் காட்டச் சொல்லாதீர்கள், நிர்வாகம் எப்படி யோசிக்கும் என்று பார்த்துப் பழகியவனின் ஊகம் இது.

அமெரிக்காவில் இது வேறு வழியில் போனது. அங்கும் மலைப் பள்ளத்தாக்கு ஊர்களில் பெரிய நிலையத்தின் அலையை வாங்கித் திரும்ப விடும் சின்ன டிரான்ஸ்மிட்டர்கள் 1950களிலிருந்தே உண்டு, நம் எல்பிடி மாதிரி. 1982இல் அவர்களுடைய ஒழுங்குமுறை ஆணையம் குறைந்த சக்தி நிலையங்கள் சொந்தமாக நிகழ்ச்சி தயாரித்தும் ஒளிபரப்பலாம் என்று விதியை மாற்றியது. டிரான்ஸ்மிட்டர் பழையதுதான், அனுமதி புதிது. அதற்குப் பிறகு சர்ச்சுகள், கல்லூரிகள், ஸ்பானிஷ் பேசும் வட்டாரங்கள், ஒற்றை ஆள் நடத்தும் ஊர்நிலையங்கள் என்று எல்லாம் வந்தன. பல நொடித்தன, பல விற்பனை விளம்பரம் மட்டுமே ஓட்டின, சில நன்றாக நடந்தன. அங்கும் சொர்க்கம் ஒன்றும் இல்லை. நாம் டவர்களைத் திறந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் அவர்கள் விதியைத் திறந்தார்கள் என்பது மட்டும் கவனிக்க வேண்டியது.

இந்தியாவில் அந்த வெற்றிடத்தை நிரப்பியவர் கேபிள்காரர். 1990களில் தெருவுக்குத் தெரு வயர் இழுத்தவர், தன் கன்ட்ரோல் ரூமில் ஒரு சேனலை ஒதுக்கி உள்ளூர்க் கோயில் தேர், ஜவுளிக்கடை விளம்பரம், ஆண்டுவிழா, இரங்கல் அறிவிப்பு எல்லாம் ஓடவிட்டார். 1995இன் கேபிள் சட்டம் அவரை ஒரு பதிவுக்குள் கொண்டுவந்தது. திரையின் அடியில் ஊர்ந்து போகும் “நாளை மின்தடை” என்ற எழுத்துதான் நம்மில் பலர் கண்ட ஒரே உள்ளூர் டிவி. அது வயரில் போனது, காற்றில் போகவில்லை, ஆகவே அலைவரிசை அனுமதிப் பிரச்சினையே எழவில்லை.

யாராவது இன்று ஒரு சின்ன ஊர் டிவியைக் காற்றில் நடத்த நினைத்தால் அதற்கு உரிமம் வாங்க வழி இல்லை. தரைவழி டிவி ஒளிபரப்பு தூர்தர்ஷனிடம் மட்டுமே இருந்து வந்திருக்கிறது, அதன் அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் மிகப் பெரும்பாலானவற்றையும் 2020களின் தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். சமுதாய வானொலிக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு, 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும். அதன் முதல் நிலையம் நம்முடையதுதான், அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம்., 2004 பிப்ரவரி 1. அதிலும் விதி 100 வாட் கதிர்வீச்சு சக்தி, ஆன்டெனா 30 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. எல்பிடியின் அதே எண்தான், ஆனால் இங்கே கட்டடத்துக்குள் மைக் இருக்கிறது, நிகழ்ச்சியில் குறைந்தது பாதியாவது உள்ளூரில் தயாரிக்க வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கிறது. செய்தி மட்டும் சொந்தமாகத் தரக்கூடாது, ஆல் இந்தியா ரேடியோவின் செய்தியை அப்படியே தரலாம். வானிலை, பேருந்து, பள்ளித் தேர்வு அறிவிப்பு போன்றவற்றுக்குத் தடையில்லை. கைப்பம்பு ஓடவில்லை என்று ஒருவர் முறையிடுவது செய்தியா, தகவலா என்பதை நிலையத்தை நடத்துபவர் அன்றன்றைக்கு முடிவுசெய்துகொள்ள வேண்டியிருக்கும்.